நீலத்துக்கு மறுநாள் பச்சை

சாயங்காலம் ஆறு மணிக்கு உலகமே புரண்டாலும் சரி, மயூர் விஹார் பி பிளாக் மூன்றாவது மாடி பால்கனியில் விஜயலக்ஷ்மி உட்கார்ந்தாகிவிட வேண்டும். ஐந்தே முக்காலுக்கு முகம் கழுவி, விளக்கேற்றி, டிகாஷனில் பாலை விட்டு டபராவில் இரண்டு ஆற்று ஆற்றுவாள். பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பலகையை வைத்து, நோட்டைத் திறந்து தேதி போடுவாள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது. சிலிண்டர்காரன் வந்தாலும் நாளைக்கு வரட்டும் என்பாள். மருமகள் ஷ்வேதாவுக்கு இதில் ஏகப் பெருமை. “எங்க மாமியார் டெய்லி ஜர்னலிங் பண்றாங்க, எவ்வளவு காம் ஆயிட்டாங்க தெரியுமா” என்று போனில் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்வாள்.

காம்தான், சாந்தம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஷ்வேதா டில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேச வரும், படிக்க வராது. மகன் நரேனும் அதே கதைதான். படிக்க வந்திருந்தால் நோட்டின் முதல் பக்கத்திலேயே இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியிருக்கும். ஏனென்றால் அந்த நோட்டு முழுக்க ஒரே ஒரு கிழவரை எப்படிப் பழி வாங்குவது என்பதைப் பற்றித்தான் எழுதியிருந்தது.

ஆரம்பித்து வைத்தவள் டாக்டர் மேதா. பென்ஷன்காரர்களுக்கான டிஸ்பென்சரியில் உட்காரும் சின்னப் பெண். விஜயலக்ஷ்மியின் ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியபோது மாத்திரையைக் கூட்டிவிட்டு, “ஆன்ட்டி, சாயங்காலம் ஒரே டைம், ஒரே இடத்துல உக்காந்து எழுதுங்க. அன்னிக்கு நடந்த நல்ல விஷயம் மூணு எழுதினாப் போதும், மனசு அடங்கும்” என்றாள். விஜயலக்ஷ்மி மூன்று நாள் எழுதிப் பார்த்தாள். இன்று காபி நன்றாக இருந்தது. இன்று தோசை மாவு பொங்கியது. இன்று லிஃப்ட் வேலை செய்தது. எழுத எழுத எரிச்சல்தான் வந்தது. லிஃப்ட் வேலை செய்ததற்கு நன்றி சொல்லத்தானா முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தோம் என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் கீழே காய்கறி வண்டியருகில் அவரைப் பார்த்தாள். கல்யாணராமன். மகளோடு இருப்பதற்காக மனைவி அம்புஜத்தையும் அழைத்துக்கொண்டு சி பிளாக்குக்கே குடிவந்துவிட்டாராம். கையில் தடி, தலையில் குரங்குக் குல்லாய். “அட, விஜயலக்ஷ்மிதானே? நம்ம செக்ஷனாச்சே. சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், முழுக் காயையும் இரண்டாக முறித்துவிட்டாள். வண்டிக்காரன் அதற்கும் சேர்த்து எடை போட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டைத் திறந்து அந்த மூன்று நாள் பக்கங்களைக் கிழித்துப் போட்டவள் நல்ல விஷயம் எதையும் தேடவில்லை. ஆபீஸில் கோப்பில் எழுதுவதைப் போலவே மேலே தலைப்புப் போட்டாள். ‘பொருள்: திரு. கல்யாணராமன், சி பிளாக் — செய்த துரோகம் குறித்து.’ கீழே ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுப் பதினோரு பத்தி எழுதினாள். அன்று கட்டை மாதிரி தூங்கினாள். அடுத்த மாதம் டிஸ்பென்சரியில் பார்த்தால் நூற்று முப்பத்தாறு. “என்ன எழுதறீங்களோ, அதையே விடாம எழுதுங்க ஆன்ட்டி” என்று டாக்டர் மேதா முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

துரோகம் இதுதான். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவர் மேலதிகாரி, இவள் அவர் செக்ஷனில் அசிஸ்டென்ட். ஒரு நாள் சாயங்காலம், ரகசியம் என்று முத்திரை குத்திய வரைவு ஒன்றைத் தன் கைப்பையில் வைக்கச் சொன்னார். இவள்தான் தன் கையால் வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் படிக்கப் போகிறவர் நேரே போக வேண்டியதுதானே? கரோல் பாக்கில் ஒரு நிச்சயதார்த்தம், அங்கே போஜனம், தாம்பூலம், அரட்டை. பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பை வந்தது, காகிதம் வரவில்லை. விசாரணை வந்தது. பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து விஜயலக்ஷ்மியுடையது. காகிதம் தன் பைக்கே வரவில்லை என்று அவர் சாதித்துவிட்டார். அவ்வளவுதான். வருஷாந்தர ரகசிய அறிக்கையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினார். ‘ரகசியக் காகிதங்களை இவரிடம் நம்பி ஒப்படைக்க இயலாது.’

அவள் மேல்முறையீடு எழுதினாள். அதை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? கருத்துக் கேட்டு அவரிடமே அனுப்பினார்கள். தான் சொன்னது சரிதான் என்று அவரும் கருத்துச் சொன்னார். இரண்டு தரம் பதவி உயர்வு அவளைத் தாண்டிப் போனது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்களையே ‘மேடம்’ என்று கூப்பிட்டு ஓய்வு பெற்றாள். லீவு விண்ணப்பத்தைக்கூட அவள் மேஜையில் வைக்கத் தயங்கினார்கள் அந்த மகானுபாவர்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். ஒரு நாள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கணவர் சங்கரநாராயணன் மோர் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார்: “ஒருவேளை நீயே எங்கயாவது மறந்து வெச்சுட்டியோ, விஜயம்?” நல்ல மனுஷர். ஒரே ஒரு தரம்தான் கேட்டார். இல்லை என்றாள். சரி என்றார். மறுபடி கேட்கவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணராமன் எழுதிய வரியைவிட இதுதான் அவள் நெஞ்சில் அதிகம் உறுத்தியது.

இன்னொன்றும் உண்டு. அவள் எழுதி அனுப்பும் குறிப்பு பிடிக்கவில்லையென்றால் கல்யாணராமன் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத மாட்டார். ‘பேசுக’ என்று மட்டும் எழுதித் திருப்புவார். நேரில் வா என்று அர்த்தம். போனால் உள்ளே கூப்பிட மாட்டார். அறைக்கு வெளியே நிற்க வேண்டும். நாற்பது நிமிஷம். அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு அது. முப்பத்தொன்பதும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை. உட்கார ஒரு நாற்காலி போடச் சொன்னதில்லை. ஆறு வருஷம் அப்படி நின்றதில் கெண்டைக்காலில் சுருண்ட நரம்பு இன்னும் அவிழவில்லை.

யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்? விஜயலக்ஷ்மி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பச்சை மைப் பேனா வாங்கி வந்தாள். ஆபீஸில் கீழே இருப்பவர்கள் நீலத்தில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார்கள். பச்சை மையில் உத்தரவு போடுவது பெரிய அதிகாரிகளுக்கு மட்டுமே உள்ள உரிமை. அந்தப் பச்சை அவளுக்கு வாய்க்கவேயில்லை. இப்போது தனக்குத் தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டாள். ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள்: இன்றைக்கு நீலத்தில் யோசனை, நாளைக்குத்தான் பச்சையில் உத்தரவு. கோப்பு ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டும். தூங்காத கோப்பில் போட்ட உத்தரவு உருப்பட்டதை அவள் பார்த்ததில்லை.

நீலம்: காலனி வாட்ஸப் குழுவில் பழைய கதையைப் போட்டு உடைத்துவிடலாம். மறுநாள் பச்சை: ‘வேண்டாம். குட் மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் நம் மானம் போகும்.’ நீலம்: அவர் வாக்கிங் போகும் வழியில் தெருநாய்களுக்கு பிஸ்கட் போட்டுக் கூட்டம் சேர்க்கலாம். பச்சை: ‘நாய்கள் என்ன பாவம் செய்தன?’ நீலம்: அம்புஜம் மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். பச்சை: ‘ஐம்பது வருஷமாக அவரோடு குடித்தனம் செய்கிறாள். இதற்கு மேலும் தண்டனை வேண்டாம்.’

இப்படி இருநூறு பத்திகளுக்கு மேல் போயிற்று. கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் தீரவில்லை. முன்னே பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துக்கொண்டிருந்தது, இப்போது சிம்மில் நிதானமாகக் கொதித்தது. அந்த நிதானம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கார்த்திகை பிறந்த சமயம், அம்புஜம் மாமி வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். “எங்காத்து மாமாவுக்கு இந்த மாசக் கடைசில சதாபிஷேகம். கோயில் பக்கத்து ஹால்ல வெச்சிருக்கோம். கூட வேலை பாத்தவான்னு இங்க இருக்கறது நீ ஒருத்திதான், விஜயா. மேடையேறி அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்.”

“பேசறேன் மாமி,” என்றாள் விஜயலக்ஷ்மி. “நாலு வார்த்தை என்ன, நிறையவே பேசறேன்.”

மாமி மகிழ்ந்துபோய், அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நீலம்: மேடையில், எல்லோர் முன்னாலும், நடந்ததை நடந்தபடி படித்துவிடலாம். மறுநாள் பச்சை: ‘ஒப்புதல்.’ அடியில் இரண்டு கோடு. மேடையில் பேசப்போவதை அப்படியே நோட்டில் எழுதி முடித்தபோது பத்தி இருநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது.

இங்கேதான் அவள் சறுக்கினாள். டில்லியில் தமிழில் எழுதிவிட்டால் பூட்டிப் பெட்டியில் வைத்த மாதிரி என்று ஒரு நம்பிக்கை. அதனால் நோட்டைக் கண்ட இடத்தில் வைப்பாள். தினம் ஆறே முக்காலுக்குத் துணி எடுக்க வருகிறவர் பெரியண்ணன். சேலத்துப் பக்கம். காலனி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் இஸ்திரி மேஜை போட்டு இருபத்தைந்து வருஷமாகிறது. அன்று அவர் வந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்க, விஜயலக்ஷ்மி நோட்டைத் துணிக் குவியல் மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஷ்வேதா, “பையா, ஜல்தி எடுத்துட்டுப் போங்க” என்றாள். பெரியண்ணன் அப்படியே பெட்ஷீட்டில் முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை வீடு முழுக்கத் தேடிவிட்டு, கேட்டுக்கு ஓடினாள்.

“நோட்டா?” என்றார் பெரியண்ணன், பெட்டியைத் தேய்த்துக்கொண்டே. “அது சி பிளாக் ஐயாவோடதுங்களேம்மா. முதல் பக்கத்துலயே பேரு போட்டிருந்துச்சு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். நேத்தே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.”

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவரை என்னவென்று திட்டுவது? தப்பு அவளுடையது. பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரகசியக் காகிதங்களை இவரிடம் நம்பி ஒப்படைக்க இயலாது. இருபத்தேழு வருஷம் கழித்து, கல்யாணராமன் எழுதிய வரியை அவளே மெய்யாக்கிவிட்டாள், அதுவும் அவர் கைக்கே போகும்படி. அந்த அவமானத்தில் அழுகைகூட வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் வெறும் பலகை. காபி ஆறி ஏடு கட்டியது.

அடுத்த நாள் துணியோடு நோட்டும் வந்தது. இஸ்திரி போட்ட புடவைக்குள் பத்திரமாக வைத்துக் கொடுத்திருந்தார் பெரியண்ணன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பத்தி இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே, நடுங்குகிற கையெழுத்தில், நம்பர் போட்டு எழுதியிருந்தது.

‘213. பத்தி நான்கில் கிழமை தவறு. நிச்சயதார்த்தம் வெள்ளி அல்ல, வியாழன். 214. பையை மறந்து வைத்தது நான்தான். 215. இதைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம். 216. இத்துடன் கோப்பை முடித்து வைக்கலாம்.’ கீழே கையெழுத்து, தேதி.

இருநூற்றுப் பதினாலை அவள் எத்தனை தரம் படித்தாள் என்று கணக்கில்லை. நான்தான். நான்தான். கண் நிறைந்து எழுத்து கலங்கியது. அப்புறம்தான் மற்ற மூன்றும் மண்டையில் ஏறின. மனுஷனா இவர்? மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உண்டா? கிழமையைத் திருத்தியிருக்கிறார். படிக்காதே என்று உத்தரவு போடுகிறார். கோப்பை முடிக்கச் சொல்கிறார், இன்னும் தான்தான் மேலதிகாரி என்ற நினைப்பு. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அவள் கை தன்னால் பச்சைப் பேனாவுக்குப் போயிற்று. அந்த நிமிஷம் எழுதியிருந்தால் அச்சில் போட முடியாத ஐந்தாறு வார்த்தைகள்தான் எழுதியிருப்பாள்.

ஆனால் சட்டம் சட்டம்தான். நீலத்தை எடுத்தாள். ‘217. அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார். வருத்தம் தெரிவிக்கவில்லை. உத்தரவுக்காக.’ மூடி வைத்தாள்.

தோசை மாவைப் போலத்தான் பழியும். ஒரு ராத்திரி புளித்தால்தான் பக்குவம் வரும். மறுநாள் ஆறு மணிக்கு விளக்கேற்றி, காபியை ஆற்றி உட்கார்ந்தபோது, என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பச்சையில் எழுதினாள். ‘218. கோப்பை முடிக்க முடியாது. நான் மேடையில் படிக்கப்போவதில்லை, நீங்கள் படிப்பீர்கள். என்ன படிக்கப்போகிறீர்கள் என்று வரைவு எழுதி ஒப்புதலுக்கு அனுப்பவும். தவறினால் நான் படிப்பேன்.’ நோட்டைப் பெரியண்ணனிடம் கொடுத்தாள். “சி பிளாக் ஐயாகிட்ட நேரா கையில குடுக்கணும். நாளைக்குத் திருப்பி வாங்கிண்டு வரணும்.”

“அச்சாம்மா,” என்றார் அவர். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

முதல் வரைவு வந்தது. ‘என் கீழ் பணியாற்றியவர்களில் விஜயலக்ஷ்மி மிகச் சிறந்தவர்...’ என்று ஒரு பக்கம் புகழ்ந்திருந்தார். பச்சை: ‘பொருளுக்குப் புறம்பானது. திருப்பி அனுப்பப்படுகிறது.’ இரண்டாவது வரைவு: ‘அந்நாளைய சூழ்நிலையில் சில தவறுகள் நேர்ந்திருக்கலாம்.’ பச்சை: ‘யார் செய்த தவறு? பெயர் இல்லை.’ மூன்றாவது வரைவு நாலு பக்கம். மேலிடத்து நெருக்கடி, அந்த வருஷம் மகள் கல்யாணம், தனக்கு அப்போதே சர்க்கரை வியாதி என்று ஒரு புராணம். பச்சை: ‘நீளம். குறைக்கவும்.’ இது அவளுடைய கடித வரைவுகளில் அவர் எத்தனையோ தரம் எழுதிய அதே வார்த்தை. எழுதிவிட்டு ஒரு வாய் காபி குடித்தாள், தேனாக இறங்கியது.

நாலாவது வரைவு ஓரளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், ‘கையெழுத்து புரியவில்லை, திருத்தமாக எழுதவும்’ என்று திருப்பினாள். அது சுத்த விஷமம். தெரிந்தேதான் செய்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஷ்வேதா பால்கனிக்கு எட்டிப் பார்த்து, “அம்மா, இவ்வளவு ஹாப்பியா என்ன எழுதறீங்க?” என்றாள். “பழைய ஆபீஸ் வேலைடி,” என்றாள் விஜயலக்ஷ்மி. அந்த வாரம் ரத்த அழுத்தம் நூற்று இருபத்து நாலு. டாக்டர் மேதா ஒரு மாத்திரையை நிறுத்தினாள்.

சதாபிஷேகத்துக்கு முதல் நாள் ஐந்தாவது வரைவு வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் பிரித்துப் பிரித்து, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவதைப் போல இருந்தது.

‘1998-ஆம் வருஷம் ரகசியக் காகிதம் ஒன்றைத் தொலைத்தவன் நான். அந்தப் பழியை விஜயலக்ஷ்மி மேல் போட்டேன். அவரை நம்ப முடியாது என்று நான் எழுதியது பொய். அவர் கணவர் உயிரோடிருக்கும்போதே இதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.’

கணவரைப் பற்றிய வரியை அவள் கேட்கவில்லை. மோர் சாதக் கதையை நோட்டில் எப்போதோ ஒரு சாயங்காலம் எழுதியிருந்தாள், அதைப் படித்திருக்கிறார். கோப்பு தூங்க நேரமில்லை, விடிந்தால் விசேஷம். முதல் தடவையாகச் சட்டத்தை மீறி அன்றைக்கே பச்சையில் எழுதினாள். ‘ஒப்புதல்.’

மறுநாள் ஹாலில் இருநூறு பேர் இருந்தார்கள். கலசத்து ஜலம் கொட்டி, புது வேஷ்டியும் மாலையுமாகக் கல்யாணராமனை மேடையில் உட்கார்த்தியிருந்தார்கள். மைக்கை விஜயலக்ஷ்மியிடம் நீட்டினார்கள். “முதல்ல சார் பேசட்டும்” என்று அவரிடம் தள்ளினாள். அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

சட்டைப் பை இல்லாததால் காகிதத்தை இடுப்பில் செருகி வைத்திருந்தார். பிரித்துப் படித்தார். ஒரு வரிகூட விடவில்லை. ‘பொய்’ என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார். அம்புஜம் மாமி நிமிராமல் தன் பட்டுப் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்களைப் பத்தியா சொன்னார்? பாதி புரியலை,” என்றான் நரேன். அவள் இந்தியில் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் கேட்டான்: “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எதிரே வந்தவர்களெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், அந்தப் பார்வையை அவள் நன்றாகத் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள். ஆனால் மகன் கேட்ட கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. இந்தக் காகிதத்தை எந்த ஆபீஸ் வழியாக அவருக்கு அனுப்புவது?

மறுநாள் ஆறு மணிக்கு விளக்கேற்றி, காபியோடு உட்கார்ந்தாள். தேதி போட்டாள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நீலத்தைத் திறந்து மூடினாள், பச்சையைத் திறந்து மூடினாள். ஆறே முக்காலுக்குப் பெரியண்ணன் வந்து துணியோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் கொடுத்தார். ‘நேரில் ஒன்று சொல்ல வேண்டும். எழுத வரவில்லை. வரலாமா?’

கோப்பு ஒரு ராத்திரி தூங்கிற்று. அடுத்த நாள் அந்தத் துண்டின் கீழேயே பச்சையில் எழுதி அனுப்பினாள். ‘பேசுக. நாளை மாலை ஆறு மணி.’

அந்த நாளைக்குப் பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது படிக்கட்டில் தடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு. வாசல் மணி அடித்தது. ஷ்வேதா கதவைத் திறக்க ஓடினாள்.

“அவரைக் கொஞ்சம் வெளியிலயே இருக்கச் சொல்லு,” என்றாள் விஜயலக்ஷ்மி.

“அம்மா, எண்பது வயசும்மா. மூணு மாடி ஏறி வந்திருக்கார்.”

“தெரியும். இது ஆபீஸ் விஷயம். நான் கூப்பிடறேன்னு சொல்லு.”

ஷ்வேதா முகம் சிவந்து போய் வாசலில் என்னவோ முணுமுணுத்துவிட்டு வந்தாள். வெளியிலிருந்து, “பரவாயில்லைம்மா, நான் நிக்கறேன். எனக்குத் தெரியும்” என்று அவர் சொல்வது கேட்டது. விஜயலக்ஷ்மி டபராவிலிருந்து டம்ளருக்கும், டம்ளரிலிருந்து டபராவுக்கும் காபியை ஆற்றினாள். சுவர்க் கடிகாரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

பத்து நிமிஷம். தடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொள்ளும் சத்தம். பதினைந்து. ஒரு இருமல். காபி தீர்ந்தது. இருபது. கதவில் தோள் சாயும் சத்தம் கேட்டது. அவர் கூப்பிடவில்லை, மறுபடி மணியும் அடிக்கவில்லை. அவளுக்குத் தன் கெண்டைக்கால் நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. குனிந்து தேய்த்துவிட்டுக்கொண்டாள். அந்தக் காலத்து நடைபாதையும், சுவரில் சாய்ந்தால் புடவையில் ஒட்டிக்கொள்ளும் சுண்ணாம்பும் ஞாபகம் வந்தது. ஒருவராவது ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கலாம்.

இருபத்தைந்து.

“ஷ்வேதா.”

அவள் காத்துக்கொண்டே இருந்தவள் போல ஓடி வந்தாள். “உள்ள கூப்பிடட்டுமா?”

“சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒண்ணை எடுத்துண்டு போய் வெளில போடு. முதுகு சாயறதா பாத்துப் போடு,” என்றாள் விஜயலக்ஷ்மி, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “உக்காரச் சொல்லு. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு.”